ஊர்வலக்காரரின் சோலோ

பெரம்பூரில் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில், ஞாயிறு பூசையெல்லாம் முடிந்த மதிய வேளையில், பதினேழு பேர் உட்கார்ந்து ஜாஸ் வாசிப்பார்கள். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ். அந்தப் பேட்டையில் ஜாஸ் கேட்கிறவர்கள் அதைவிடக் குறைவு. வாசிக்கிறவர்கள் யாரும் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர்களை நடத்தியவர் ஜெசிந்தா. வயது நாற்பத்தொன்று. வார நாட்களில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு நோட்டேஷன் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதைத் தனக்காக எழுதுவார். வயதில் மூத்தவர்கள்கூட அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டார். அவர் பேசிவிட்டால் கேட்டவருக்கு அன்று சோறு இறங்காது.

தணிகாசலம் அந்தக் கூட்டத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர். வியாசர்பாடிக்காரர், வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் பேண்டு செட்டோடு கல்யாண ஊர்வலங்களில் சாக்ஸ் ஊதியவர். ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அவர் ஊதுவதைக் கேட்ட ஜெசிந்தா, ஸ்கூட்டரை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டே மூன்று தெரு பின்னால் வந்தார். ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கிட்டே போனார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம ஓய்வா இருப்பீங்களா?"

"முகூர்த்தம் இல்லன்னா ஓய்வுதாம்மா."

அப்படித்தான் சிஷ்யரானார். சிஷ்யர் குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். முதல் நாளே 'அம்மா' போய் 'மாஸ்டர்' வந்துவிட்டது.

அந்த வருடக் கச்சேரிக்கு ஜெசிந்தா ஒரு பாலட் எழுதினார். பாலட் என்றால் மெதுவாகப் போகிற பாட்டு. காதலோ துக்கமோ, எதற்கும் அவசரப்படாது. பெயர் 'பெரம்பூர் மழை' என்று வைத்தார். முன்னால் ஒரு ஆல்டோ சாக்ஸ் நின்று சோலோவாக, அதாவது தனியாக, பாடும், பின்னால் பதினாறு பேர் அதைத் தாங்குவார்கள். முன்னால் நிற்கப்போவது தணிகாசலம்.

கச்சேரி நோட்டீஸில் அவர் பெயர் அச்சாகி வந்தது. 'சாக்ஸபோன்: கே. தணிகாசலம்.' முப்பது வருடத்தில் அவர் பெயரை யாரும் எங்கும் எழுதியதில்லை. பேண்டு செட்டில் பெரிய டிரம்மின் தோலில் முதலாளி பெயர் இருக்கும், ஊதுகிறவன் பெயர் இருக்காது. நாற்பது நோட்டீஸ் வாங்கிப் போய்த் தெரு முழுக்கக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்கும் ஒன்று போனது. மகள் கல்யாணப் பேச்சின்போது, "சாவுக்கும் ஊதுறவருதானே" என்று அவர் காதில் விழும்படி சொன்ன வீடு அது. அந்த வீட்டார் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்பது தணிகாசலத்தின் ஆசை. வேறு எதையும் அவர் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

முதல் ஒத்திகை முடிந்ததும் குருவிடம் போனார்.

"எப்டி மாஸ்டர்?"

"நிறைய இருந்துச்சு."

அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று சோறு நன்றாகவே இறங்கியது.

இரண்டாம் ஒத்திகையில் ஜெசிந்தா பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க மூச்சே விடறதில்லையா?"

"வுடறேன் மாஸ்டர். யாருக்கும் தெரியாம வுடுவேன். மூக்கால உள்ள இழுத்துக்கினே வாயால ஊதுவேன். அதான் வித்தை."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஊர்வலந்தான். அங்க சத்தம் நின்னா ஆடறவன் நின்னுடுவான். அவன் நின்னா மாப்பிள்ளை கார் நிக்கும். பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிப்பான். எல்லாரும் சேந்து என்னைத் திட்டுவாங்க."

"இங்க நின்னா என்ன ஆகும்?"

"தெரியல மாஸ்டர். நின்னதில்ல."

"நின்னு பாருங்க."

மூன்றாம் ஒத்திகைக்கு அவர் நிற்கப் பழகிக்கொண்டு வந்தார். காகிதத்தில் எங்கெல்லாம் அவருக்கு ஓய்வு எழுதியிருந்ததோ அங்கெல்லாம் நின்றார். நின்று, உதட்டை அசைத்து ஒன்று இரண்டு என்று எண்ணினார். ஒரு தட்டு பொறுத்தார், இரண்டு தட்டு பொறுத்தார். பாட்டின் நடுவில் இருபத்தொன்பதாவது பாரில் ஒரு பெரிய ஓய்வு வரும். ஒரு பாருக்கு நாலு தட்டு என்று இரண்டு பார், ஆக எட்டுத் தட்டு. அங்கே மூன்றாவது தட்டிலேயே அவருக்குப் பொறுக்கவில்லை. சரசரவென்று ஏதோ ஒரு சங்கதியை அள்ளிப் போட்டு நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்ச் சேர்ந்தார். அது நல்ல சங்கதிதான், அதில் குறை சொல்ல முடியாது.

"இப்ப எப்டி மாஸ்டர்?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி நிக்கறீங்க. வந்த பஸ்ஸுல எல்லாம் ஏறிடறீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"எட்டுத் தட்டு ஒரு ஆளு வாத்தியத்தைக் கையில வச்சிக்கினு சும்மா நிக்கணும்னா, அந்த எடத்துல அப்டி இன்னாதான் இருக்குது மாஸ்டர்?"

ஜெசிந்தா தணிகாசலத்தின் ஸ்டாண்டிலிருந்து சோலோ காகிதத்தை எடுத்தார். சாக்ஸ் வரிசையில் இரண்டாவது நாற்காலியில் இருந்த வின்ஃபிரெட்டிடம் கொடுத்தார். வின்ஃபிரெட் பல் டாக்டர், சுத்தமாக வாசிப்பவர்.

"வின்ஃபிரெட், நீங்க முன்னால வாங்க. அண்ணே, நீங்க சாக்ஸைப் பெட்டியில வைங்க. பின்னால ஆரோக்கியதாஸ் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்கங்க. அவருக்குப் பேப்பர் புரட்டிக் குடுங்க."

"எத்தினி நாளைக்கு?"

"கேட்டீங்களே, பதில் தெரியறவரைக்கும்."

கச்சேரிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஆரோக்கியதாஸ் துறைமுகத்தில் குமாஸ்தா, டிராம்போன் வரிசையில் மூன்றாவது ஆள். மூன்றாவது டிராம்போன் என்பது ஒரு விநோதமான உத்தியோகம். வாசித்தால் யாருக்கும் தெரியாது, வாசிக்காவிட்டால் மாஸ்டருக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு வருடமாக அவர் அந்த நாற்காலியில் இருந்தார். தணிகாசலம் எட்டு மாதமாக அதே கூடத்துக்கு வந்துபோகிறார். அந்த மனிதரின் பெயரே அன்றுதான் அவருக்குச் சரியாகத் தெரிந்தது.

தணிகாசலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டீஸ் நாற்பதும் கண் முன்னால் வந்தன. வின்ஃபிரெட் முன்னால் நின்று வாசிக்க ஆரம்பித்தார். ஆரோக்கியதாஸின் காகிதத்தில் முதல் பக்கம் முழுக்க நீள நீளமான சுரங்கள்தான் இருந்தன. ஒரே சுரத்தை இரண்டு பாருக்குப் பிடி, அடுத்ததை இரண்டு பாருக்குப் பிடி. இதற்குப் பேப்பர் வேறயா என்று தணிகாசலம் நினைத்தார்.

பக்கம் புரட்டினார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது. இருபத்தொன்பது, முப்பது. மேலே ஜெசிந்தாவின் கையெழுத்தில் 'தனியாக' என்று இருந்தது. வட்டம் ஆரோக்கியதாஸ் போட்டது.

வின்ஃபிரெட் இருபத்தெட்டாவது பாரை முடித்துவிட்டு, காகிதத்தில் உள்ளபடி நின்றார்.

தணிகாசலத்தின் தோளுக்குப் பக்கத்தில் டிராம்போன் எழுந்தது. இரண்டே பார். சாக்ஸ் சொல்லிவிட்டுப் போனதை வாங்கி, அதைக் கொஞ்சம் கீழே இறக்கி, வேறு மாதிரி சொன்னது. பெரிய வித்தை எதுவும் இல்லை. தணிகாசலத்துக்குக் கை முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. பிறகு ஆரோக்கியதாஸ் பழையபடி நீள சுரத்துக்குத் திரும்பிவிட்டார்.

பாட்டு முடிகிறவரை தணிகாசலம் பொறுத்தார்.

"சார், இத்த எப்பவும் வாசிப்பீங்களா?"

"எதை?"

"அந்த ரெண்டு பாரு."

"ஆமாங்க. எழுதியிருக்கே."

"நான் முன்னாடி நின்னு ஊதுனப்பவும் வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"மூணு வாரமுமா?"

"மூணு வாரமும்தான்."

"ஏன் சார் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

ஆரோக்கியதாஸ் துணியால் டிராம்போனைத் துடைத்தார்.

"என்னன்னுங்க சொல்றது? நீங்க நல்லா வாசிச்சிட்டிருந்தீங்க."

"இதுக்கு முந்தி வேற பாட்டுல உங்களுக்குத் தனியா வந்திருக்குதா?"

"இல்லீங்க. இதுதான் முதல்ல. பன்னெண்டு வருஷத்துல."

தணிகாசலத்துக்கு அவமானமாக இருந்தது. ஊர்வலத்தில் அவர் பக்கத்தில் டிரம்பெட்காரன் உதடு வலித்து நிறுத்தினால், அந்த இடத்தையும் இவர் ஊதி நிரப்பிவிடுவார். அது உதவி. முப்பது வருடம் அதைச் செய்துதான் நல்ல பெயர் வாங்கினார். அதே கை இங்கே ஒரு மனிதரின் இரண்டே இரண்டு பாரை மூன்று வாரம் பிடுங்கித் தின்றிருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் சாக்ஸைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து குருவைப் பிடித்தார்.

"மாஸ்டர், பதில் தெரிஞ்சுபோச்சு."

"சரி."

"சோலோ வின்ஃபிரெட் டாக்டரே வாசிக்கட்டும். நான் பின்னாடியே உக்காந்து பேப்பர் புரட்டறேன். எனக்கு அதுதான் லாயக்கு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. தான் ஏதோ பெரிய மனசு பண்ணியதாக அவருக்கே ஒரு திருப்தி. ஜெசிந்தா நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே கேட்டார். வேலையை நிறுத்தவில்லை.

"நோட்டீஸ்ல உங்க பேரு இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போவுது."

"சம்பந்தி வீட்ல கேட்டா?"

"வுடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன்."

"போன வாரம் வின்ஃபிரெட் வாசிச்சதக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மாஸ்டர். தப்பே இல்ல."

"இல்லதான். அவரு நிறுத்தினப்ப உங்களுக்கு என்ன தோணிச்சு?"

தணிகாசலத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஒன்னும் தோணல. நிறுத்துனாரு, அவ்ளோதான்."

"அவரு யாரையும் கூப்பிடல. கூப்பிடாத வீட்டுக்குப் போய் ஆரோக்கியதாஸ் வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லிட்டிருக்காரு. நீங்க தெருவுல ஊதிக் கூப்பிட்டதுக்கு நான் மூணு தெரு ஸ்கூட்டரத் தள்ளிட்டு வந்தேன்."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப சத்தம் போட்டு அவர மறைச்சீங்க. இப்ப வெக்கப்பட்டு மறைக்கப் பாக்கறீங்க. நான் உங்ககிட்ட அடக்கம் கேக்கலண்ணே. வாசிக்கத்தான் கேட்டேன்."

"எப்டி வாசிக்கணும் மாஸ்டர்?"

"தெருவுல வாசிச்ச மாதிரியே. அப்புறம் நிறுத்துங்க."

சாக்ஸ் பெட்டியை அவரே திறந்து நீட்டினார். அன்று தணிகாசலம் முன்னால் நின்று முழு மூச்சோடு ஊதினார். கூடத்துக்கு வெளியே பூ விற்கிற அம்மாள் எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டாவது பாரில் உச்சிக்கு ஏறி, அங்கேயே விட்டுவிட்டு நின்றார். இந்தத் தடவை எண்ணவில்லை. டிராம்போன் பாடியது, எல்லோருக்கும் கேட்டது. ஜெசிந்தா அடுத்த பாட்டை எடுக்கச் சொன்னார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

கச்சேரி எழும்பூரில் ஒரு அரங்கத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு. முக்கால்வாசி நிறைந்திருந்தது. முன் வரிசையில் தணிகாசலத்தின் மனைவி பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சம்பந்தியும் சம்பந்தியம்மாளும். ஐந்தாவது பாட்டு 'பெரம்பூர் மழை'.

தணிகாசலம் முன்னால் வந்து நின்றபோது அவருக்குப் பயமே இல்லை. இரண்டாயிரம் பேர் ஆடுகிற தெருவில் நின்று ஊதியவருக்கு நானூறு பேர் உட்கார்ந்து கேட்பது ஒரு பொருட்டில்லை. முதல் வரியிலேயே அரங்கம் இருமுவதை நிறுத்திவிட்டது. அவர் அவசரமில்லாமல் ஏறினார், ஒவ்வொரு சுரத்தையும் முழுசாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். இருபத்தெட்டாவது பாரில் உச்சியில் நின்று கூப்பிட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி ஊதியதில்லை. சட்டென்று நிறுத்தினார்.

டிராம்போன் வரவில்லை.

பின்னால் மற்றவர்கள் மெல்லிய சுரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது அடுத்தவர் விடாமல் பிடிப்பார், அதனால் அது அறுபடாமல் ஓடும். டிரம்ஸில் பிரஷ் உரசிக்கொண்டிருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. நான்கு தட்டு போயிற்று.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். ஆரோக்கியதாஸ் டிராம்போனை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்டிராத மனிதரை இப்போது நானூறு பேர் காத்திருந்து கேட்கப்போகிறார்கள். அவருக்கு மூச்சு எழும்பவில்லை.

எட்டுத் தட்டும் போயிற்று. காகிதத்தின்படி இனி தணிகாசலத்தின் முறை. அவர் எடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, அதுதான் சரி என்றுகூடச் சொல்வார்கள். விரல்கள் தாமாகவே சாக்ஸின் சாவிகளின் மேல் போய் உட்கார்ந்தன. முப்பது வருடத்துப் பழக்கம் நெஞ்சில் முட்டியது. நிரப்பு, நிரப்பு, ஊர்வலம் நிற்கிறது.

"எடுங்கண்ணே," என்று வின்ஃபிரெட் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

முன் வரிசையில் சம்பந்தியம்மாள் கணவர் பக்கம் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அது தணிகாசலம் கண்ணில் பட்டது.

அவர் சாக்ஸை வாயிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டு கையையும் அதன் மேல் கோத்து, ஆரோக்கியதாஸைப் பார்த்தபடி நின்றார். அவசரப்படுத்துகிற பார்வை இல்லை.

ஜெசிந்தா இடது கையில் இரண்டு விரல் காட்டினார். அந்த இரண்டு பாரை இன்னொரு தடவை போங்கள் என்று அர்த்தம். பேஸ் திரும்பப் போயிற்று, பியானோவும் போயிற்று.

டிராம்போன் வந்தது. முதல் சுரம் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது சுரத்தில் நிமிர்ந்துவிட்டது. பிறகு அந்த இரண்டு பாரையும் ஆரோக்கியதாஸ் ஒத்திகைகளில் வாசித்ததைவிட மெதுவாக, தனக்கே தனக்கு என்பதுபோல வாசித்தார். அரங்கத்தில் எல்லோரும் முன்னால் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்வரிசையைப் பார்த்தார்கள். அது முடிந்ததும் தணிகாசலம் சாக்ஸை எடுத்து, அந்தச் சுரத்திலிருந்தே தன் வரியைத் தொடங்கினார்.

கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது. மற்ற பாட்டுகளும் முடிந்து, மேடைக்குப் பின்னால் எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியதாஸ் வந்து தணிகாசலத்தின் கையைப் பிடித்தார். விடவில்லை. தன் மனைவி வந்து கூப்பிட்ட பிறகுதான் போனார்.

சம்பந்தி வந்தார். பிரமாதம் என்றார், இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார். போகிற போக்கில் தோளைத் தட்டி, "நடுவுல மட்டும் கொஞ்சம் மறந்துட்டீங்க போல, பரவால்ல, சமாளிச்சுட்டீங்க" என்றார்.

அவர் போன பிறகு தணிகாசலம் குருவிடம் வந்தார். ஜெசிந்தா ஸ்டாண்டுகளிலிருந்து காகிதங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

"நான் மறந்துட்டேன்னு நெனச்சிக்கினாரு மாஸ்டர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

ஜெசிந்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மறுபடி காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் போகவில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன் மாஸ்டர். ரெண்டாவது தபாவும் அவரு வராமலே போயிருந்தா?"

"அப்பவும் அது அவரு எடம்தாண்ணே."